லயத்து வீட்டை அளந்து வரைவது எப்படி? (கட்டடக்கலை நேர்காணல், சுங்கை சிப்புட்)

வாய்க்கால்மேடு | திங்கள், இரவு 9.10

எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) முடித்த மாணவி ஒருத்தி, அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூபியூ விண்ணப்பத்தில் கட்டடக்கலையை முதலில் போட்டிருக்கிறாள். நேர்காணலுக்கு வரைபடத் தொகுப்பு கையோடு இருக்கணும் என்கிறார்கள். இங்கே டவுனைச் சுற்றி இருப்பது செம்பனையும், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான, பாதி காலியான லயங்களும்தான். யூடியூப்பைப் பார்த்துக் கண்ணாடி மாளிகை வரைவதற்குப் பதிலாக, ஒரு லயத்தை முறையாக அளந்து வரையலாம் என்று யோசனை. எப்படி அளப்பது? எங்கே தப்பு வரும்? நேர்காணலில் எடுபடுமா? அந்த ஃபேக்கல்டியில் கட்டடக்கலையைத் தவிர வேறு என்னென்ன இருக்கு என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வரைபலகை | திங்கள், இரவு 9.42

கடைசிக் கேள்விக்கு முதலில். "அலாம் பினா" (கட்டடச் சூழல்) என்று சொல்லும் ஃபேக்கல்டிக்குள் ஒரே கட்டடத்தை ஏழெட்டுக் கோணத்தில் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, கியூ.எஸ். (கட்டுமானப் பொருள், செலவுக் கணக்கு), கட்டட அளவை, நிலச்சொத்து, நகரத் திட்டமிடல் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. பினாங்கு யூஎஸ்எம்மில் இதற்குப் பெயர் வீடமைப்பு, கட்டடம், திட்டமிடல் பள்ளி. அங்கே உள்ளலங்காரக் கட்டடக்கலையும் கட்டுமான மேலாண்மையும் சேர்ந்திருக்கு. ஸ்கூடாய் யூடிஎம்மில் நில அளவையும் அதே ஃபேக்கல்டிதான்.

கட்டடக்கலைக்குப் போகிற பிள்ளை ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளணும். முதல் டிகிரி முடித்ததும் ஆர்க்கிடெக்ட் ஆகிவிட முடியாது. லெம்பாகா ஆர்க்கிடெக் மலேசியா என்ற ஆர்க்கிடெக்ட் வாரியம் மூன்று படி வைத்திருக்கிறது. இளங்கலை பகுதி 1, முதுகலை பகுதி 2. அதற்கப்புறம் வேலை அனுபவம் சேர்த்து, பதிவேடு எழுதி, தேர்வு எழுதுவது பகுதி 3. இது 1967ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டத்தின் கீழ் வருகிற பதிவு. பதிவில்லாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. அங்கீகாரம் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு இல்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தருவது. "பெரிய யூனிவர்சிட்டி, எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று விட்டுவிடாமல் வாரியத்தின் பட்டியலில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடுங்கள். தனியார் கல்லூரிக்குப் போவதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே தேடுங்கள்.

லயம் நேர்காணலில் எடுபடுமா என்றால், எடுபடும். பழைய கட்டடத்தை அளந்து வரைவது இந்த நாட்டுக் கட்டடக்கலைப் படிப்பில் ஊறிப்போன பயிற்சி. யூடிஎம்மின் காலாம் மையத்தில் 1970களிலிருந்து மாணவர்கள் வரைந்த மலாய் வீடுகள், பள்ளிவாசல்கள், அரண்மனைகளின் படங்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தோட்டத்து லயம் அந்த அளவுக்கு வரையப்படவில்லை. லயங்களோ ஆண்டுக்கு ஆண்டு இடிபட்டுக்கொண்டே வருகின்றன.

---

தூக்குக்குண்டு | திங்கள், இரவு 10.30

அளக்கிற விஷயத்துக்கு வருவோம்.

முதலில் அனுமதி. லயம் தோட்டத்து நிலம். ஆபீசில் கேட்காமல் டேப்பை இழுத்தால் அரைமணியில் காவலாளி வந்து நிற்பார். பள்ளியிலிருந்தோ கோயில் தலைவரிடமிருந்தோ ஒரு கடிதம், எந்தத் தேதி, எத்தனை பேர், எந்த வரிசை என்று எழுதிக் கொடுங்கள். வீட்டில் ஆள் குடியிருந்தால் அவர்களையும் தனியாகக் கேட்கணும். ஆபீஸ் சரி சொல்லிவிட்டது என்பதற்காக இன்னொருவர் சாமி அறைக்குள் போய் அளக்க முடியாது.

சாமான்கள்: 5 மீட்டர் எஃகு டேப், 30 மீட்டர் நீள டேப், தூக்குக்குண்டு, 10 மீட்டர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், சாக்பீஸ், டார்ச், ஏ3 அட்டை, 2பி பென்சில், சிவப்புப் பேனா. படம் பென்சிலில், அளவு சிவப்பில். இரண்டையும் ஒரே நிறத்தில் எழுதினால் இரவில் உட்கார்ந்து வரையும்போது எது சுவர்க்கோடு, எது அளவுக்கோடு என்று குழம்பிப்போகும்.

முதல் ஒரு மணி நேரம் டேப்பைத் தொடவே வேண்டாம். வரிசையைச் சுற்றி நடந்து, கண்ணளவில் பெரிதாகத் தரைப்படம் போடுங்கள். அறைக்கு 1, 2, 3 என்று எண். அஞ்சடித் தூணுக்கு (வீட்டு முன்னால் ஓடும் நடைபாதையின் தூண்) அ, ஆ, இ. கதவு, சன்னல், படி, வாய்க்கால், தண்ணீர்க் குழாய் எல்லாம் படத்தில் வந்த பிறகுதான் அளவு.

நீளத்தை ஓட்ட அளவாக எடுங்கள். 30 மீட்டர் டேப்பின் பூஜ்யத்தை வரிசையின் ஒரு முனையில் பிடித்து இறுக்கி, டேப்பை நகர்த்தாமலே ஒவ்வொரு கதவு ஓரம், தூண் ஓரமாகப் படித்துக்கொண்டு போகணும். அறை அறையாகத் தனித்தனியே அளந்து கூட்டினால் அறைக்கு 3 மி.மீ. பிசகினாலே 12 அறை வரிசையில் 36 மி.மீ. ஆகிவிடும். அப்புறம் கடைசித் தூண் சுவருக்குள்ளே போய் நிற்கும். வரிசை 30 மீட்டரைத் தாண்டினால் நடுவில் ஒரு தூண் ஓரத்தில் ஆணிக்குறி போட்டு, அங்கிருந்து இரண்டாவது ஓட்டம்.

ஒவ்வொரு அறைக்கும் நான்கு பக்கம், இரண்டு மூலைவிட்டம். மூலைவிட்டம் இல்லாத அளவு குப்பைக்குத்தான் போகும். நான்கு பக்கமும் சரியாக இருந்தும் அறை கோணலாக இருக்கலாம். அதைக் காட்டிக் கொடுப்பது மூலைவிட்டம் மட்டும்தான்.

உயரத்துக்கு நீர்மட்டக் குழாய். அஞ்சடியின் ஒரு தூணில் தரையிலிருந்து 1 மீட்டரில் கோடு போடுங்கள். குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் திறந்து வைத்து, ஒரு முனை நீர்மட்டம் அந்தக் கோட்டில் நிற்கும்போது மறுமுனை மட்டத்தை அடுத்த தூணில் குறியுங்கள். இப்படியே வரிசை முழுதும். எல்லா உயரமும் இந்தக் கோட்டிலிருந்து மேலே இத்தனை, கீழே இத்தனை என்றுதான் எழுதணும். தரையிலிருந்து அளக்க வேண்டாம், ஏனென்றால் தரையே ஒரு பக்கம் இறங்கியிருக்கும். இங்கே வரும் தப்பு எப்போதும் ஒன்றுதான். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருக்கும், அல்லது யாராவது ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நிற்பார்கள். தண்ணீரில் ஒரு சிட்டிகை குங்குமம் கரைத்தால் மட்டமும் குமிழும் பளிச்சென்று தெரியும்.

கூரைச் சரிவைக் கோணமானி வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. முகட்டுயரத்திலிருந்து சுவர் தலைப்பின் உயரத்தைக் கழித்தால் ஏற்றம். அகலத்தில் பாதிதான் கிடைத்தூரம். 24 அடி அகல லயத்தில் பாதி 3658 மி.மீ.; ஏற்றம் 1800 வந்தால் சரிவு 26 பாகைக்குக் கொஞ்சம் மேலே.

---

ரப்பர்ஸ்டோர் | திங்கள், இரவு 10.51

லேசர் மீட்டர் இருக்கும்போது குழாயும் குங்குமமும் எதுக்கு? 😄

---

தூக்குக்குண்டு | திங்கள், இரவு 11.05

லேசர் நல்லதுதான், அறைக்குள்ளே. வெளியே பத்து மணி வெயிலில் சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. தகரத்தின் மேல் சாய்வாக அடித்தால் ஒளி சிதறி, வருகிற எண்ணை நம்ப முடியாது. வெள்ளை அட்டை ஒன்றை அந்த இடத்தில் பிடிக்கச் சொல்லி அடிக்கணும். எல்லாவற்றையும்விட மோசமான தப்பு ஒன்று இருக்கு. கருவி தன் முன்முனையிலிருந்து அளக்கிறதா பின்முனையிலிருந்தா என்று ஒரு பொத்தானில் மாற்றலாம். தெரியாமல் அது மாறிவிட்டால் எல்லா அளவும் கருவியின் நீளத்துக்குச் சரியாக ஒரேயடியாகக் கூடும் அல்லது குறையும். எல்லாமே ஒரே மாதிரி தப்பானால் மூலைவிட்டத்தை வைத்துக்கூட உடனே பிடிபடாது. காலையில் வேலை தொடங்கும் முன் எஃகு டேப்பால் 2 மீட்டர் அளந்து அதே தூரத்தை லேசரால் ஒரு தடவை சரிபாருங்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். பழைய லயங்கள் அடிக்கணக்கில் கட்டியவை. அறை 10 அடிக்கு 12 அடி என்றால் 3048க்கு 3658. டேப்பில் 3050 வந்ததும் "சரி, 3000" என்று முழுசாக்கிவிடாதீர்கள். அளவை மி.மீட்டரில் எழுதுங்கள், அந்தச் சுவர் எத்தனை அடி என்று நினைத்துக் கட்டினார்கள் என்பதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். பின்னால் எது கட்டினபோதே வந்தது, எது பிறகு சேர்த்தது என்று பிரிக்க அது உதவும். பழையது அடிக்கணக்குக்குப் பொருந்தும், புதியது பெரும்பாலும் பொருந்தாது.

---

மண்சுவர் | செவ்வாய், காலை 7.20

எச்சரிக்கை ஒன்று. பழைய லயத்தில் கூரையோ மேல்தட்டியோ சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடைக்க, துளைக்க, சுரண்ட வேண்டாம். தூள் கிடந்தால் காய்ந்த துடைப்பத்தால் கூட்டவும் வேண்டாம். மேலே ஏறி மிதிப்பது எப்படியும் கூடாது, நாள்பட்ட தகடு சட்டென்று உடையும். அளவைக் கீழே நின்றே எடுங்கள்.

தகரக் கூரையாக இருந்தால் ஒரு சுலபமான வழி. பழைய அலைத்தகரத்தில் அலைக்கு அலை 3 அங்குலம், 76 மி.மீ. ஓரத்திலிருந்து அலையை எண்ணிப் பெருக்கினால் கூரை நீளத்தை ஏணி இல்லாமலே சரிபார்க்கலாம். தகடு மாற்றின இடத்தில் அலை அகலம் வேறாக இருக்கும், அந்த இடத்தைத் தனியாகக் குறியுங்கள்.

---

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 8.02

கியூ.எஸ். பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எல்லாரும் கட்டடக்கலை, கட்டடக்கலை என்கிறார்கள். கணக்கில் கெட்டியான பிள்ளைக்கு இந்தப் பக்கம் நன்றாக ஒத்துவரும். அதே லயத்தை வைத்தே கியூ.எஸ். என்ன செய்கிறது என்று காட்டிவிடலாம்.

ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் இருக்கும் அரைச் செங்கல் சுவரை எடுத்துக்கொள்வோம். நீளம் 3.658 மீ., உயரம் 9 அடி அதாவது 2.743 மீ. பரப்பு 10.03 சதுர மீட்டர். நம்மூர்ச் செங்கல் 215க்கு 65 முகம். சுற்றிலும் 10 மி.மீ. சாந்து சேர்த்தால் 225க்கு 75. ஒரு சதுர மீட்டருக்கு 59 கல்லுக்குச் சற்று மேல். சுவருக்கு 595 கல், உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 625.

புதுசாகப் படிக்க வருகிறவர்கள் விழும் குழி மூலை. வெளியளவு 6 மீட்டருக்கு 4 மீட்டர், சுவர்த் தடிப்பு 115 என்று ஒரு கொட்டகை. சுற்றளவு 20 மீட்டர் என்று எடுத்து உயரத்தால் பெருக்கினால் நான்கு மூலையும் இரண்டு தடவை எண்ணப்படுகிறது. நடுக்கோட்டுச் சுற்றளவு எடுக்கணும்: 20லிருந்து 4 தடவை 0.115 கழித்தால் 19.54. வித்தியாசம் 0.46 மீட்டர்தானே என்று தோன்றும். உயரத்தோடு பெருக்கினால் 1.26 சதுர மீட்டர், 75 கல். ஒரு கொட்டகைக்கு இது சில்லறை. 300 வீட்டு டாமானுக்கு 22,500 கல், லோரிக் கணக்கில் போகும்.

பரப்பிலிருந்து கதவு சன்னலைக் கழிக்க மறப்பது அடுத்தது. எதைக் கழிக்கணும், எவ்வளவு சின்ன ஓட்டையை விட்டுவிடலாம் என்பதற்கெல்லாம் இங்கே பொது அளவை முறை என்று நூலே இருக்கு. சொந்த அறிவுக்குத் தோன்றினபடி அளக்கிற தொழில் இல்லை இது.

---

வாய்க்கால்மேடு | செவ்வாய், மதியம் 1.15

நன்றி அண்ணன்மார்களே. ஒரு சந்தேகம். எல்லா வீட்டிலும் பின்னால் அடுப்படியை நீட்டியிருக்கிறார்கள். சிலதில் தகரக் குளியலறை, ஒன்றில் கோழிக்கூண்டு. படத்தில் இதெல்லாம் வரணுமா? இல்லை, லயம் முதலில் கட்டின மாதிரி சுத்தமாக வரையணுமா?

---

ரப்பர்ஸ்டோர் | செவ்வாய், மதியம் 1.40

சுத்தமாத்தான். நேர்காணலுக்கு எதுக்குக் கோழிக்கூண்டு? பழைய வடிவம் தெரியணும், அழகாயும் இருக்கணும்.

---

வரைபலகை | செவ்வாய், மதியம் 2.25

தம்பி, இதில் ஒத்துப்போக முடியாது. அளந்து வரைவதில் முதல் விதியே இருப்பதை இருக்கிறபடி வரைவதுதான். "முதலில் எப்படி இருந்தது" என்பது ஊகம். ஊகத்தைத் தனித் தாளில், விட்டுவிட்டுப் போடும் கோட்டில், "ஊகம்" என்று எழுதி வரையலாம். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் பார்க்கிறவருக்கு எதை நீங்கள் தொட்டு அளந்தீர்கள், எதைக் கற்பனை செய்தீர்கள் என்று தெரியாது.

அதோடு அந்த அடுப்படி நீட்சியில்தான் விஷயமே இருக்கு. ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். மூலக் கூரை முடிகிற இடத்தில் புதுத் தகரம் அதற்கு அடியில் செருகியிருக்கும். மழைத்தண்ணீர் மேலேயிருந்து கீழே இறங்க, மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் படிந்து நிற்கணும். அந்தப் படிமானம் 100 மி.மீட்டரா 200ஆ, அங்கே தண்ணீர்க் கறை இருக்கா என்று குறியுங்கள். சரிவு குறைந்த நீட்சியில் படிமானமும் குறைந்திருந்தால் காற்றோடு மழை அடிக்கும்போது தண்ணீர் பின்வாங்கி உள்ளே ஒழுகும். ஒழுகிய கறை சுவரில் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதுகூட அளவுதான். அடுப்புப் புகை போக மேலே விட்டிருக்கும் இடைவெளி, புகைக்கரி படிந்த மரச்சட்டம், துணி காயப்போட அஞ்சடித் தூணில் அடித்த ஆணி, இதையெல்லாம் 1:10 விவரப்படமாக ஒரு தாள் வரைந்தால் நேர்காணலில் இருப்பவர்கள் அந்தத் தாளிலேயே பத்து நிமிஷம் நிற்பார்கள்.

கோழிக்கூண்டையும் வரையுங்கள்.

---

மஞ்சள்கோடு | செவ்வாய், இரவு 8.35

திட்டமிடல் படிப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. தோட்டத்து ஊரில் அதற்குத்தான் வேலை அதிகம். லயத்தை மட்டும் வரைந்தால் பாதிப் படம். லயம், பெரட்டுக்களம் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்), ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), கோயில், தமிழ்ப்பள்ளி, கடைவரிசை, கிராணி (எழுத்தர்) வீடு, மேட்டில் துரை பங்களா என்று ஓர் இருப்பிடப் படம் 1:500ல் போடுங்கள். எது மேட்டில் இருக்கு, எது பள்ளத்தில் வாய்க்கால் ஓரமாக இருக்கு என்று உயரமும் குறியுங்கள். அதைப் பார்த்தாலே தோட்டம் எப்படி நடந்தது என்று புரியும்.

அடிப்படைக்கு ஜுபெம் என்ற நில அளவைத் துறையிடம் அந்த லாட்டின் பெலான் அக்குய் (சான்றளித்த நில வரைபடம்) வாங்கலாம். அதில் எல்லைக்கோடும் எல்லைக்கல்லும் இருக்கும், லயம் இருக்காது. லயத்தை நீங்கள்தான் இரண்டு எல்லைக்கல்லிலிருந்து தூரம் அளந்து வைக்கணும். வடக்குத் திசையைத் தகரக் கூரையின் கீழே கைபேசித் திசைகாட்டியில் பார்க்காதீர்கள், இரும்பு அதை இழுக்கும். திறந்தவெளிக்கு வந்து பாருங்கள், செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்கள்.

சட்டப் பக்கமும் கொஞ்சம். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், சட்டம் 172. மாநிலத்துக்குக் கட்டமைப்புத் திட்டம், மாவட்டத்துக்கு உள்ளூர்த் திட்டம். உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தே ஆகணும். அப்போது யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கலாம். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்ட அனுமதி கேட்டால், 21ஆம் பிரிவின்படி பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் போகும், 21 நாளில் ஆட்சேபிக்கலாம். இங்கேதான் சிக்கல். நோட்டீஸ் போவது நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு. லயத்தில் மூன்று தலைமுறை இருந்தவர் சொந்தக்காரர் இல்லை. அவர் வீட்டு வாசலில் எதுவும் வந்து விழாது. ஆகவே தோட்டத்து மக்களுக்கு வாய்ப்பு உள்ள கட்டம் உள்ளூர்த் திட்ட வரைவு காட்சிக்கு வைக்கும் அந்தச் சில வாரங்கள்தான். உள்ளூராட்சி மன்றத்தில் நிறம் தீட்டின பெரிய படம் தொங்கும். நம்ம தோட்டம் விவசாயப் பச்சையிலேயே இருக்கா, வீடமைப்பு நிறத்துக்கு மாறிவிட்டதா என்று பார்க்கத் தெரிந்த ஆள் ஊருக்கு ஒருவர் வேணும்.

---

பெரட்டுக்களம் | செவ்வாய், இரவு 9.20

நிலத்துண்டாடல் சுங்கை சிப்புட்டுக்குப் புதுசு இல்லையே. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில்தான் நம்ம நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு என்று ஒன்று உண்டு. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேணும். நிலச்சொத்து, நில நிர்வாகம் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் பாடம்.

---

தூக்குக்குண்டு | புதன், காலை 6.50

மஞ்சள்கோடு அக்கா சொன்ன 1:500 இருப்பிடப்படத்தில் கோயிலை வைக்கும்போது ஒரு வார்த்தை. கர்ப்பக்கிரகத்துக்குள் போய் அளக்க வேண்டாம், கேட்கவும் வேண்டாம். வெளிச்சுற்றும் அர்த்த மண்டபத்தின் உள்ளளவும் கிடைத்தால் மீதியைக் கழித்துப் போடலாம். "உள்ளே அளக்கவில்லை" என்று படத்தில் எழுதிவிடுங்கள்.

---

மண்சுவர் | புதன், காலை 7.45

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10க்கு 12 அடி அறை 11.15 சதுர மீட்டர். 1984 யூபிபிஎல் என்ற சீரான கட்டடத் துணைச்சட்டத்தில் வீட்டின் முதல் வசிப்பறைக்குக் குறைந்தபட்சம் 11. அப்படிப் பார்த்தால் லயத்து அறை இன்றைய விதியையே தாண்டுகிறது!

---

வரைபலகை | புதன், காலை 9.10

தாண்டுகிறது, 0.15 சதுர மீட்டரில். ஆனால் விதி அங்கே முடியவில்லை. இரண்டாவது அறை 9.3, மற்றவை 6.5, அடுப்படி 4.5 என்று தொடர்கிறது. லயத்தில் முதல் அறையே எல்லா அறையும்.

சன்னலைப் பாருங்கள். தரைப்பரப்பில் 10 சதவீதம் சன்னல் வேணும், 5 சதவீதம் காற்றுப் போகத் திறக்கணும். 11.15க்கு 1.115. 3 அடிக்கு 3 அடிப் பலகைச் சன்னல் 0.836. வெளிச்சத்துக்குப் போதாது, முழுசாகத் திறந்தால் காற்றுக்குப் போதும். மதியத்திலும் அறை இருட்டாக இருக்கும் காரணம் இந்த ஒரு பெருக்கலில் இருக்கு.

இன்னொன்று குறுக்குவெட்டுப் படத்தில்தான் தெரியும். நிறைய லயங்களில் அறைகளுக்கு நடுச்சுவர் 9 அடியோடு நின்றுவிடும். அதற்கு மேலே முகடு வரைக்கும் வெறும் வெளி. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் மூன்றாவது வீட்டில் சாதம் பிசைவார்கள் என்பது இதனால்தான். தீயும் அதே வழியில்தான் போகும். இன்றைய விதியில் பொதுச்சுவர் கூரையைத் துளைத்து அதற்கு மேலும் 225 மி.மீ. எழும்பணும். ஆகையால் வெட்டுக்கோட்டை அறையின் நடுவே எடுத்து, திரும்பி நடுச்சுவரைப் பார்க்கிற மாதிரி வரையுங்கள். அகலவாக்கில் ஒன்று, நீளவாக்கில் ஒன்று.

தாள் விஷயம். தரைப்படம் 1:50. 10 அறை வரிசை 30.5 மீட்டர், தாளில் 610 மி.மீ., ஏ1 தாளின் 841க்குள் தாராளமாக அடங்கும். 12 அறை 732 மி.மீ., தலைப்புக்கட்டத்தைக் கீழே கொண்டுபோனால் அடங்கும். 16 அறை 975, அடங்காது. அப்போது வரிசை முழுதும் 1:100, மூன்று அறை மட்டும் 1:50. முழு வரிசையையும் 1:75 என்று வினோத அளவில் போட்டு இடத்தை நிரப்ப வேண்டாம், தாளின் மேல் அளவுகோல் வைத்துப் பார்க்கிற ஆசிரியருக்குக் கோபம் வரும். வெட்டுப்பட்ட சுவர் 0.5 பேனா, கண்ணுக்குத் தெரியும் விளிம்பு 0.25, நிரப்புக்கோடு 0.13. எல்லாம் ஒரே தடிப்பில் வந்த படம் எவ்வளவு சரியான அளவாக இருந்தாலும் படிக்க முடியாது.

மூலக் குறிப்புத்தாளையும் தொகுப்போடு சேருங்கள், சிவப்பு மையும் வியர்வைக் கறையுமாக இருந்தாலும். கணினிப் படத்தை யாரும் யாருக்கும் வரைந்து கொடுக்கலாம், குறிப்புத்தாள் அப்படி இல்லை.

---

வாய்க்கால்மேடு | சனி, மாலை 6.30

இன்று ஆபீஸ் அனுமதியோடு போய் இரண்டு அறை அளந்தாயிற்று. முதல் அறை பக்கங்கள் 3048, 3658, எதிர்ப்பக்கமும் அப்படியே. மூலைவிட்டம் ஒன்று 4785, இன்னொன்று 4738. 47 மி.மீ. வித்தியாசம். மறுபடி அளந்தும் அதேதான். டேப்பை ஒழுங்காகப் பிடிக்கவில்லையா?

---

தூக்குக்குண்டு | சனி, மாலை 7.05

டேப் சரிதான். பார்க்கிற விதம் இது. அறையின் மூலைகள் செங்கோணமாக இருந்தால் மூலைவிட்டம் 4761 வரணும். உங்களுடையதில் ஒன்று அதற்கு 24 கூட, இன்னொன்று 23 குறைவு. இரண்டின் சராசரி 4761.5. எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து, கூடுவதும் குறைவதும் ஏறக்குறைய ஒரே அளவானால் அளவு சரி, அறைதான் கோணல். ஒன்று மட்டும் விலகி மற்றது 4761லேயே நின்றால்தான் டேப்பைச் சந்தேகிக்கணும்.

அறை சுமார் அரைப் பாகைக்குச் சற்று மேலே சாய்ந்திருக்கு. 3658 ஆழத்தில் பின்சுவர் முன்சுவரைவிட ஏறக்குறைய 37 மி.மீ. பக்கவாட்டில் தள்ளி நிற்கிறது. நிமிர்த்தி வரையாதீர்கள். இரண்டாவது அறை என்ன சொல்லுது?

---

வாய்க்கால்மேடு | சனி, மாலை 7.12

4783, 4740. அதே பக்கம் சாய்வு.

---

தூக்குக்குண்டு | சனி, மாலை 7.20

அப்படியென்றால் பெரும்பாலும் வரிசை முழுதும் ஒரே சாய்வு. கட்டினவர் முன்சுவரை எதையோ பார்த்துப் போட்டிருக்கிறார், குறுக்குச் சுவர்களை வேறு எதையோ பார்த்துப் போட்டிருக்கிறார். அடுத்த முறை போகும்போது முன்சுவர்க் கோட்டிலிருந்து வாய்க்கால் ஓரத்துக்கு இரண்டு முனையிலும் தூரம் எடுங்கள். பழைய ரோட்டு ஓரத்துக்கும் அதே மாதிரி. எது இரண்டு முனையிலும் சமமாக வருகிறதோ அதைப் பார்த்துத்தான் கயிறு கட்டியிருக்கிறார்கள். அந்த நான்கு அளவையும் இருப்பிடப்படத்தில் எழுதிவிடுங்கள்.